ராஜாஜியின் அரசியலும் அதன் அண்டை வீடுகளும்

ஒருவரது அரசியல் கொள்கை யாது என்று வினவினால், அவர் யாரை எதிர்க்கிறார் என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது. அந்த விடை பொய்யன்று. ஆனால் அதைக்கொண்டு அவரை அடையாளம் காண முடிவதில்லை, ஏனெனில் ஒரே எதிரியை எதிர்ப்பவர்கள் பலர், அவர்கள் எதிர்ப்பதற்கான காரணங்களோ ஒன்றோடொன்று ஒட்டாதவை. கருத்தியல் என்பது அரசு, சொத்து, சமயம், சாதி, தேசம், தனிமனிதர் ஆகியவற்றுள் எது எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது குறித்து ஒருவர் கொண்டிருக்கும் எண்ணங்களின் பிணைப்பு ஆகும். அந்தப் பிணைப்பு எதிர்முனையில் நிற்பவரோடு ஒப்பிடும்போது விளங்குவதைவிட, ஒரே வேலியைப் பகிர்ந்துகொள்ளும் அடுத்த வீட்டாரோடு ஒப்பிடும்போது மிகத் தெளிவாக விளங்குகிறது. இருபதாம் நூற்றாண்டு இந்திய அரசியலில் இதற்கு ராஜாஜி என்று அழைக்கப்பட்ட சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரைக் காட்டிலும் பொருத்தமான சான்று அரிது. ஏனெனில் காங்கிரசு, தாராளவாதம், இந்து தேசியம், திராவிட இயக்கம் என்ற நான்கின் வேலிகளும் அவருடைய அரசியலைத் தொட்டுக்கொண்டு சென்றன, அவர் அவற்றுள் எதற்குள்ளும் முழுமையாக அடங்கவில்லை.

கொள்கைகளை அளக்க மக்கள் வழக்கமாகக் கையாளும் கருவி இடது, வலது என்ற கோடு. 1789இல் பிரான்சின் தேசிய சபையில் மன்னருக்குத் தடுப்பு அதிகாரம் வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்புறமும், வேண்டாம் என்றவர்கள் இடப்புறமும் அமர்ந்ததிலிருந்து தோன்றிய அந்த வழக்கு, ஒரே கேள்வி அரங்கில் இருந்த காலத்துக்கு ஏற்றதாக இருந்தது. கேள்விகள் பெருகியபின் அந்தக் கோடு உதவுவதைவிடக் குழப்புவதே மிகுதி. பொருளியலறிஞர் ஃபிரீட்ரிக் ஹாயெக் இதை நேரடியாக உணர்ந்தவர். சோசலிசத்தைக் கடுமையாக எதிர்த்த காரணத்தாலேயே பழைமைவாதியாக, அதாவது நிலவும் அமைப்பை மாற்றாமல் காக்க விரும்புபவராக, எண்ணப்பட்ட அவர், 1960இல் வெளியான தம்முடைய ‘சுதந்திரத்தின் அரசமைப்பு’ என்ற நூலின் பின்னுரையில், தாம் ஏன் பழைமைவாதி அல்லர் என்பதை விரிவாக எழுதினார். பழைமைவாதி மாற்றத்தைக் கண்டு அஞ்சுகிறார் என்றும், அதிகாரம் தமக்கு உகந்தவர்களின் கையில் இருக்கும்வரை அதற்கு வரம்பு கட்ட அவர் முனைவதில்லை என்றும் ஹாயெக் குற்றம் சாட்டினார். பழைமைவாதிகள், சோசலிசவாதிகள், தாராளவாதிகள் என்ற மூவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதைவிட ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் நிறுத்துவதே சரி என்றார். சோசலிசத்தை மறுப்பதற்கு ஒரு நூலே எழுதியிருந்தவருக்கு, பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து தம்மைப் பிரித்துக்காட்டவும் ஒரு தனிக் கட்டுரை தேவைப்பட்டது.

ஆக்ஸ்போர்டு அறிஞர் மைக்கேல் ஃப்ரீடன் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னும் நுணுக்கமான அளவுகோலைத் தருகிறது. அவர் கருத்துப்படி சுதந்திரம், சமத்துவம், ஒழுங்கு, சமூகம் போன்ற கருத்துகள் எல்லாக் கருத்தியல்களுக்கும் பொதுவானவை. ஒன்றில் மையத்தில் அமர்ந்திருக்கும் கருத்து மற்றொன்றில் மையத்தை ஒட்டியும், வேறொன்றில் விளிம்பிலும் அமர்ந்திருக்கிறது, அந்த இட வேறுபாடே ஒவ்வொரு கருத்துக்கும் வெவ்வேறு பொருளைத் தந்துவிடுகிறது. ஆகவே இருவர் ஒரே கொள்கை அறிக்கையில் கையெழுத்திட்டிருந்தாலும், எது மையம் என்பதில் வேறுபட்டால் அவர்கள் ஒரே கருத்தியலைச் சேர்ந்தவர்கள் ஆகமாட்டார்கள். ராஜாஜி தோற்றுவித்த சுதந்திராக் கட்சியின் வரலாறு முழுவதும் இந்தக் கூற்றுக்கு உரை எழுதியதுபோல் இருக்கிறது.

அக்கட்சி பிறந்த சூழல் நன்கு அறியப்பட்டதே. சென்னைக்கு அருகிலுள்ள ஆவடியில் 1955இல் கூடிய காங்கிரசு மாநாடு சோசலிச பாணியிலான சமுதாயத்தைத் தன் இலக்காக அறிவித்தது. 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழில்களை அரசின் கையில் வைத்தது. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய மாநாடு கூட்டுறவு முறையிலான கூட்டுப் பண்ணையமே இந்திய வேளாண்மையின் எதிர்காலம் என்று தீர்மானித்தது. உழவரின் நிலம் பறிபோகும் என்ற அச்சம் பரவிய அந்த ஆண்டின் ஜூன் மாதத்தில் சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டு, ஆகஸ்டில் பம்பாயில் முறைப்படி தொடங்கப்பட்டது. அப்போது ராஜாஜிக்கு வயது எண்பது. ஆந்திர உழவர் தலைவர் என்.ஜி.ரங்கா கட்சித் தலைவரானார்; மினு மசானியும் கே.எம்.முன்ஷியும் உடனிருந்தனர். எந்தத் தொழிலைத் தொடங்கவும் விரிக்கவும் அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றிருந்த முறைக்கு ராஜாஜி சூட்டிய ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்ற பெயர் கட்சியைக் காட்டிலும் நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது.

நேருவின் காங்கிரசோடு ராஜாஜிக்கு இருந்த வேறுபாடு எல்லாரும் அறிந்தது என்பதாலேயே அதிகம் எழுதத் தேவையற்றது. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம்: அவர் எதிர்த்த அரசுத் தலையீட்டில் சிலவற்றைத் தாமே தொடங்கிவைத்தவர் அவர். 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது வேளாண் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து கடன்பட்ட உழவரின் சுமையைச் சட்டத்தாலேயே குறைத்தார். பொது விற்பனை வரியை 1939இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இந்தியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கினார். மறுபுறம், 1952இல் மீண்டும் முதலமைச்சரானதும் அவர் செய்த முதன்மையான காரியங்களுள் ஒன்று உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷன் முறையையும் நீக்கியது. இவற்றை வயதோடு நேர்ந்த மனமாற்றம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் விற்பனை வரி எதற்காக விதிக்கப்பட்டது என்று பார்த்தால் வேறொரு விளக்கம் தென்படுகிறது. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கினால் அரசு இழந்த கலால் வருவாயை ஈடுசெய்யவே அந்த வரி பிறந்தது.

ராஜாஜியின் கருத்தியலுக்கு நுழைவாயில் மதுவிலக்குதான். அரசு குறைந்த அளவே தலையிட வேண்டும் என்று வாதிட்டவர், ஒருவர் தம் பணத்தில் தாம் குடிப்பதை மட்டும் அரசு தடுக்க வேண்டும் என்று எப்படிக் கேட்கலாம்? தாராளவாதத்தின் கண்ணால் பார்த்தால் இது வெறும் முரண்பாடு. தாராளவாதம் என்பது தனிமனிதரின் விருப்பத் தேர்வை மையத்தில் வைத்து, பிறருக்குத் தீங்கு நேராதவரை அதில் கைவைக்க அரசுக்கு உரிமையில்லை எனக் கொள்ளும் கருத்தியல். மசானி ஏறத்தாழ அத்தகையவர். 1934இல் காங்கிரசு சோசலிசக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக இருந்து, சோவியத் ஆட்சியின் போக்கைக் கண்டு மனம் மாறி, மறுகரைக்கு வந்து சேர்ந்த அவர், சுதந்திரத்தைச் சுதந்திரத்துக்காகவே போற்றினார். ராஜாஜியின் மையத்திலோ தர்மம் இருந்தது. மனிதர் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ளும் ஒழுக்கமும், அதை வளர்க்கும் குடும்பமும், சமயமும், ஊரும் சமுதாயத்தைத் தாங்குகின்றன என்பதும், அதிகாரி கையில் அதிகாரம் குவியும்போது இலஞ்சமும் சோம்பலும் பெருகி அந்த ஒழுக்கம் அரிக்கப்படுகிறது என்பதும் அவர் எண்ணம். அதாவது சுதந்திரம் அவருக்கு மையத்தை ஒட்டிய கருத்து. தர்மம் செழிக்கத் தேவையான நிலம். கள்ளும் சாராயமும் தன்னடக்கத்தை அழிப்பவை என்று அவர் நம்பியதால், பெர்மிட் ராஜ்யத்தை எதிர்த்த அதே காரணம் அவரை மதுவிலக்கை வேண்டச் செய்தது.

கட்சியின் அடிப்படைக் கொள்கைகள் 21. தனிமனிதருக்கு மிகுதியான சுதந்திரமும் அரசின் குறைவான தலையீடும் வேண்டும் என்பது அவற்றுள் இருந்தது, செல்வம் உடையவர் அதைச் சமூகத்தின் சார்பில் காப்பவராக மட்டுமே தம்மைக் கருத வேண்டும் என்ற காந்தியின் தர்மகர்த்தா நெறியும் இருந்தது, மதுவிலக்கு இல்லை. கடைசிக் கொள்கை இன்னும் சுவையானது: அடிப்படைக் கொள்கைகளுக்கு அப்பாற்பட்ட எல்லாவற்றிலும் உறுப்பினர்கள் தத்தம் கருத்தைக் கொண்டிருக்கலாம் என்று அது அனுமதித்தது. கட்சிக் கட்டுப்பாட்டையே கட்சியின் வலிமையாக எண்ணிப் பழகிய இந்தியச் சூழலில், அண்டை வீட்டார் பலர் ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்கான ஒப்பந்தமாகவே அதைக் கொள்ள வேண்டும். பெருந்தன்மை என்று அதைப் புகழ்பவர்கள், வேறு வழியும் இருக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

ஏனெனில் அக்கூரையின் கீழ் வந்து சேர்ந்தவர்களில் பலருக்கு ராஜாஜியின் தர்மமும் மசானியின் சுதந்திரமும் ஒருங்கே அந்நியமானவை. பீகாரின் ராம்கர் அரசர், ஜெய்ப்பூரின் காயத்ரி தேவி, ஒரிசாவின் முன்னாள் சமஸ்தானாதிபதிகள் நடத்திய கணதந்திர பரிஷத் ஆகியோரின் வரவால் கட்சிக்கு வாக்குகள் கிடைத்தன. அந்த வாக்குகள் பொருளாதாரக் கொள்கைக்காக விழுந்தவை என்று கருதுவதைவிட, பழைய மன்னர் குடும்பத்தின் மீதான பற்றால் விழுந்தவை என்று கருதுவதே நியாயமாகும். தமது இளமையில் வேங்கடகிரி ஜமீனுக்கு எதிராக உழவர்களைத் திரட்டிய ரங்கா, முன்னாள் ஜமீன்தார்களோடு ஒரே மேடையில் அமர வேண்டியதாயிற்று. உழவருக்குச் சொந்தமான சிறு நிலத்தைக் காக்கும் கொள்கையும், பெருநிலக்கிழாரின் உடைமையைக் காக்கும் கொள்கையும் கூட்டுப் பண்ணையத்தை எதிர்க்கையில் ஒன்றுபோலவே தோன்றும். நிலச் சீர்திருத்தம் என்ற சொல் எழுந்தவுடன் அவை இரண்டாகப் பிரியும்.

இந்து தேசியத்தின் அரசியல் வடிவமாக 1951இல் தோன்றிய பாரதிய ஜனசங்கம் மற்றொரு அண்டை வீடு. 1967 மக்களவைத் தேர்தலில் சுதந்திராக் கட்சி 44 இடங்களையும் ஜனசங்கம் 35 இடங்களையும் வென்றன. இராஜஸ்தானில் இரண்டும் கைகோத்தன. இரண்டும் நேருவின் சோசலிசத்தை எதிர்த்தன, இரண்டும் சீனாவின்பால் ஐயம் கொண்டிருந்தன, இரண்டிலும் பழைய மரபின்பால் பற்று இருந்தது. ஆகவே இரண்டையும் ‘வலதுசாரி’ என்ற ஒரே சொல்லில் கட்டிவிடும் பழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் வேலியை நெருங்கிப் பார்த்தால் அது எத்துணை உயரமானது என்பது புலப்படும். ராஜாஜி 1942இலேயே முஸ்லிம் லீகின் தனிநாட்டுக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றுப் பேச வேண்டும் என்று வாதிட்டு, அதன் பொருட்டுக் காங்கிரசை விட்டே வெளியேறியவர். 1944இல் காந்தி-ஜின்னா பேச்சுக்கு அடிப்படையாக அமைந்த திட்டம் அவர் பெயரையே தாங்கியது. 1964இல் சிறையிலிருந்து விடுதலையான ஷேக் அப்துல்லா காசுமீர்ச் சிக்கலுக்குத் தீர்வு தேடிப் பயணப்பட்டபோது அவர் ஆதரவு நாடிக் கண்டவர்களுள் ராஜாஜியும் ஒருவராக இருந்தார், அவரும் பாகிஸ்தானோடு இணக்கத்தையே வேண்டினார். பிரிவினையையே பாவமாகக் கருதிய ஜனசங்கத்துக்கு இது சகிக்க முடியாத நிலைப்பாடு. அணுகுண்டு இந்தியாவுக்கு வேண்டும் என்று ஜனசங்கம் கேட்டது. ராஜாஜியோ 1962இல், தம் எண்பத்து மூன்றாம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் குழுவோடு அமெரிக்கா சென்று அணுச் சோதனைகளை நிறுத்துமாறு கென்னடியிடம் நேரில் கோரிவிட்டு வந்தார். இந்தியே நாட்டின் ஆட்சிமொழி என்றது ஜனசங்கம். முன்பு அதைக் கட்டாயமாக்கியவரே 1950களின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலம் தொடர வேண்டும் என்பதன் தலையாய வழக்கறிஞராக இருந்தார்.

இந்த வேறுபாடுகளைத் தனித்தனிச் சிக்கல்களில் நேர்ந்த கருத்து மாறுபாடுகள் என்று எண்ணினால் அவற்றின் வேர் தெரியாது. ராஜாஜி சமயப்பற்று மிக்கவர். இராமாயணத்தை அவர் தமிழில் எழுதிய ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. எனினும் அவருக்குச் சமயம் ஒவ்வொருவரின் உள்ளத்தையும் ஒழுங்குபடுத்தும் கருவி. ஜனசங்கத்துக்கு அது ஒரு தேசத்தை வரையறுக்கும் அடையாளம். அதே சமயம், அதே நூல்கள், அதே திருவிழாக்கள் இருவரிடமும் இருந்தன; அவற்றுக்குத் தரப்பட்ட வேலை வேறு. அணுகுண்டைப் பற்றிய முடிவும் பாகிஸ்தானைப் பற்றிய முடிவும் அந்த வேறுபாட்டிலிருந்தே பிறந்தன.

தமிழ்நாட்டு வேலி இவற்றைவிட விந்தையானது. இந்தித் திணிப்பை எதிர்ப்பதிலும், தில்லியில் அதிகாரம் குவிவதை எதிர்ப்பதிலும், காங்கிரசின் நெடிய ஆட்சியை வீழ்த்துவதிலும் சுதந்திராக் கட்சியும் திராவிட முன்னேற்றக் கழகமும் 1967இல் ஒன்றுபட்டன. கழகம் தனிப்பெரும்பான்மை பெற்று ஆட்சி அமைக்க, சுதந்திரா 20 சட்டமன்ற இடங்களைப் பெற்றது. பகுத்தறிவு இயக்கத்தின் மூலவரான பெரியாரோ அத்தேர்தலில் காங்கிரசின் காமராசர் பக்கம் நின்றார். எனவே கடவுளை மறுத்தவர் காங்கிரசை ஆதரிக்க, இராமாயணம் எழுதியவர் பெரியாரின் மாணவர்களை ஆதரிக்கும் காட்சியைத் தமிழ்நாடு கண்டது. எதிரியை வைத்துக் கொள்கையை அளப்பவருக்கு அந்தத் தேர்தலை விளக்கவே முடியாது.

அந்தக் கூட்டு நீடிக்காததற்குக் காரணமும் மையம் பற்றியதே. ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது கழகத்தின் தேர்தல் வாக்குறுதி. உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதை 1952இன் சாதனையாகக் கொண்டிருந்தவரின் பொருளியல் வேறு. ஆழமான பிளவு சாதியைப் பற்றியது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் சிற்றூர்ப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் சிறுவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. இருக்கும் கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டு இரண்டு வேளைகளாகக் கூடுதல் பிள்ளைகளைப் பயிற்றலாம் என்பது நிர்வாகக் கணக்கு. பெரியாரும் கழகத்தாரும் அதைக் குலக்கல்வி என்று அழைத்தனர். எதிர்ப்பு காங்கிரசுக்குள்ளும் வலுத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகக் காமராசர் முதலமைச்சரானார். இத்திட்டத்தை நல்லெண்ணத்தோடு வகுக்கப்பட்டு விளக்கத் தவறிய ஒன்றாக அவருடைய ஆதரவாளர்கள் இன்றும் எழுதுகிறார்கள். அந்த வாதம் போதாது. அதிகாரியின் பிடியை அத்துணைக் கூர்மையாகக் கண்ட ராஜாஜியின் கருத்தியல், குடும்பமும் ஊரும் குலமும் போடும் பிடியை ஒழுக்கத்தின் ஊற்றாக மட்டுமே கண்டது. சவரத் தொழிலாளியின் மகனுக்குப் பள்ளி நேரம் ஒன்றே விடுதலை என்பதைக் காண அதில் சாளரம் இருக்கவில்லை. அவரை நேர்மையற்றவர் என்று சொல்ல வேண்டியதில்லை: 1930களின் இறுதியில் தாழ்த்தப்பட்டோரின் கோயில் நுழைவைச் சட்டத்தால் காத்தவரும் அவரே. சமயத்தின் கதவைத் திறப்பது அவர் மையத்துக்கு இசைந்தது, குலத்தொழிலின் கதவை உடைப்பது இசையவில்லை.

எல்லா அண்டை வேறுபாடும் இவ்வாறு ஆழமானதன்று என்பதையும் இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து வாழும் சமூகங்களே ஒன்றையொன்று இகழ்வதில் முனைப்புக் காட்டுகின்றன என்று கவனித்த சிக்மண்ட் ஃபிராய்டு, சிறு வேறுபாடுகளின் மீதான தற்காதல் என்று அதற்குப் பெயரிட்டார். கட்சிப் பிளவுகள் பலவற்றுக்கு அது போதிய விளக்கம். ராஜாஜி விஷயத்தில் அது போதாது. அவர் அண்டைகளோடு கொண்ட வேறுபாடுகளுக்கு விலை கொடுத்தார். கட்சியையும் பதவியையும் 1942இல் இழந்தார், முதலமைச்சர் பதவியை 1954இல் இழந்தார், 1971இல் தம் பழைய போட்டியாளரான காமராசரோடு சேர்ந்து நின்று தோற்றார். அந்த ஆண்டு மக்களவையில் சுதந்திராவுக்குக் கிடைத்தவை 8 இடங்கள். அதே ஆண்டில் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தள்ளிவைக்க முடிவு செய்தபோது, அதைத் தடுக்கத் தள்ளாத வயதில் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் சென்று கண்டு கேட்டுக்கொண்டார்; கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1972 டிசம்பரில் அவர் மறைந்தார். 1974இல் கட்சி சரண்சிங்கின் பாரதிய லோக்தளத்தில் கரைந்தது; நாகபுரித் தீர்மானத்தைக் காங்கிரசுக்குள்ளிருந்தே எதிர்த்தவர் சரண்சிங் என்பதால், உழவர் பக்கத்து வேலி மட்டும் அப்போது நீக்கப்பட்டது எனலாம்.

1991இல் நரசிம்மராவின் அரசு தொழில் உரிம முறையின் பெரும்பகுதியைக் கைவிட்டபின், ராஜாஜியைத் தம் முன்னோடியாக உரிமை கொண்டாடுவோர் பெருகினர். அவர்களிற் பெரும்பாலோர் பெர்மிட் ராஜ்யத்தைப் பற்றிய பகுதியை எடுத்துக்கொண்டு, பாகிஸ்தானோடு இணக்கம், அணுகுண்டு மறுப்பு, தர்மகர்த்தா நெறி, மதுவிலக்கு ஆகியவற்றை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அவ்வாறு செய்பவர்கள் மசானியின் வாரிசுகளாகவோ ஜனசங்கத்தின் வாரிசுகளாகவோ இருக்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்துவருகிறது. வணிகத்தை அரசே கைப்பற்றிக்கொள்வது என்ற ஒரு குறையைத்தான் மசானியின் அளவுகோல் அதில் கண்டிருக்கும். ராஜாஜியின் அளவுகோல் இரண்டைக் கண்டிருக்கும்.